டெல்மர் வாவ்ராவின் ஏழு வருட வியாழக்கிழமை

டெல்மர் வாவ்ராவின் கன்றுகள் ஏழு வருடம் ஐந்நூற்று அறுபத்திரண்டு பவுண்டிலேயே நின்றன. ஒரு பவுண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த ஏழு வருடமும் அவருடைய வேலிக்குள் அக்டோபர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையாகவே இருந்தது. வேலிக்கு வெளியே, மூன்று மைல் தள்ளி இருக்கும் ஓட்வே ஊரில், மற்றவர்களுக்கு வழக்கம்போலப் பனியும் இடியும் தேர்தலும் பல்வலியும் வந்து போய்க்கொண்டிருந்தன. கன்றுகள் மொத்தம் எத்தனை என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் ஒரு மனிதனிடம் உனக்கு எத்தனை மாடு என்று கேட்பது, அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டு நோட்டை எண்ணுவதற்குச் சமம். வெளியூர்க்காரன் தெரியாமல் கேட்டுவிட்டால் ஆகாயத்தைப் பார்த்து “கெடக்கு, கொஞ்சம்” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். உள்ளூர்க்காரன் கேட்டால் அவன் வீட்டுச் சாவுக்கு ஆள் போகாது. மாட்டுக்காரர்கள் எண்ணிக்கையை மனைவியிடம் முணுமுணுப்பார்கள், கடவுளிடம் குறைத்துச் சொல்வார்கள், வரி அதிகாரியிடம் அதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். விற்று வந்த விலையும் அப்படித்தான். ஏலக் கொட்டகைக்குள் கூவிய விலை கொட்டகைக் கதவோடு நின்றுவிட வேண்டும். வெளியே வந்து அதை ஒருவன் கேட்பதும் இன்னொருவன் சொல்வதும் அநாகரிகம்.

எங்கள் பக்கத்தில் வருமானம் என்பது வருடத்தில் ஒரே ஒரு நாள். வசந்தத்தில் பிறக்கும் கன்றுகளை இலையுதிர் காலத்தில் தாயிடமிருந்து பிரித்து, லாரியில் ஏற்றி, வியாழக்கிழமை ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வியாழக்கிழமை என்பதில்தான் குடும்பங்கள் கெட்டன. காத்திருந்தால் கன்று எடை போடும், ஆனால் எடை கூடக் கூட பவுண்டுக்கு விலை குறையும், நடுவில் தீனிச் செலவு, பனி, இருமல். விற்றுவிட்டாலோ அடுத்த வாரம் ஏறிவிடுமோ என்ற வயிற்றெரிச்சல். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் ஏலக் கொட்டகையை ஒட்டிய காபிக் கடையில் போய் உட்கார்ந்தால் அத்தனை பேரும் அந்த மனிதனாகவே இருப்பார்கள். அந்தக் கடையில் முப்பது வருடமாக ஒருவர்கூட உச்சிக்கு ஒரு நாள் முன்போ பின்போ விற்றதில்லை. எல்லோரும் மிகச் சரியாக உச்சியில்தான் விற்றார்கள். இத்தனை தடியர்கள் ஏறி நின்றும் அந்த உச்சி ஒடிந்து விழாமல் இருந்ததுதான் எங்கள் ஊரின் முதல் அற்புதம். டெல்மரின் அக்டோபர் அதற்கு அடுத்தபடி.

வாவ்ரா குடும்பத்துக்கு மட்டும் அந்த உச்சி வாய்க்கவே இல்லை. டெல்மரின் அப்பா எமில் ஒரு வருடம் கன்றுகளை ஒரு வாரம் முன்னதாக விற்றுவிட்டார். அடுத்த வாரம் விலை குதிரை போலத் தாவியது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் உயிரோடிருந்த எமில் எதிலும் அவசரப்படவில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்க இன்னும் ஒரு வாரம், ஒழுகும் கூரையை மாற்ற இன்னும் ஒரு வாரம், மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியின் பதிவைப் புதுப்பிக்க இன்னும் ஒரு வாரம் என்று தள்ளித் தள்ளி, அந்தப் பதிவு காலாவதியாகி, கடைசியில் மருமகள் ட்விலாவின் பெயரில் புதுக் குறி வாங்க வேண்டியதாயிற்று. சாகும்போது பாதிரியாரிடமும் இன்னும் ஒரு வாரம் என்றுதான் கேட்டார். கிடைக்கவில்லை.

டெல்மர் அறுபது வயது வரை ஒழுங்காகத்தான் விற்றுக்கொண்டிருந்தார். அந்த அறுபதாவது வயதில் பக்கத்து நிலத்துக்காரர் கேலன் ஸ்ட்ரோம்க்விஸ்ட் அவருக்குச் சரியாக ஒரு வாரம் பின்னால் விற்று, சிவப்பு நிறத்தில் புது பிக்கப் வண்டி ஒன்று வாங்கிவிட்டார். என்ன விலைக்குப் போயிற்று என்று கேலன் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மரியாதை தெரிந்தவர், வண்டியைச் சொல்லவிட்டார். தினமும் காலையில் டெல்மரின் தபால்பெட்டி அருகே வந்ததும் வேகத்தைக் குறைப்பார், ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார், ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார், போய்விடுவார். பன்னிரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை உட்பட. தேவாலயம் எதிர்த்திசையில் இருந்தும் அந்த வழியாகத்தான் போனார்.

அடுத்த அக்டோபரில் சந்தை ஏறுமுகமாக இருந்தது. டெல்மர் மூன்றாவது வியாழக்கிழமைக்கு லாரி சொல்லி வைத்திருந்தார். கன்றுகள் பட்டியில் நின்று அம்மாவைக் கேட்டுக் கதறிக்கொண்டிருந்தன, தாய்கள் வேலிக்கு மறுபுறம் நின்று பதில் கதறிக்கொண்டிருந்தன. காலை ஏழு மணி வானொலி நூறு பவுண்டுக்கு இரண்டு டாலர் ஏற்றம் என்றது. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாகச் சமையலறையில் நின்று அதைக் கேட்ட டெல்மர், ஏலக் கொட்டகை முதலாளியும் ஏலக்காரருமான மார்லின் ஓஸ்ட்ரைக்குக்குத் தொலைபேசினார்.

“மார்லின், லாரிய அனுப்பாத. இன்னும் ஒரு வாரம் போகட்டும்.”

“வண்டி பாதி வழி வந்துடுச்சு, டெல்மர்.”

“திருப்பிக்கச் சொல்லு. ஏறிக்கிட்டிருக்கிறப்ப எவனாவது இறங்குவானா?”

அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து முட்டை பொரித்துக்கொண்டிருந்த ட்விலா திரும்பிப் பார்த்தார். நின்று சமைக்க முடியாமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முழங்கால்களிலும் ஜவ்வு தேய்ந்து எலும்பும் எலும்பும் அரைபட்டுக்கொண்டிருந்தன. நார்த் பிளாட் ஆஸ்பத்திரியில் நவம்பர் பன்னிரண்டாம் தேதி அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். கன்று விற்றால்தான் அதற்குப் பணம்.

“நவம்பர் பன்னெண்டு ஞாபகம் இருக்கா, டெல்மர்?”

“ஒரு வாரத்துல என்ன, நவம்பர் வந்து கொட்டிடப் போகுதா?”

அவர் வாய் பலித்தது. நவம்பர் வரவே இல்லை.

மறுநாள் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை வர வேண்டியது, பதிலாக வியாழக்கிழமையே மறுபடி வந்தது. ஏழு மணிக்கு வானொலி மீண்டும் இரண்டு டாலர் ஏற்றம் என்றது, டெல்மர் ஒரு காலில் பூட்ஸோடு மீண்டும் மார்லினை அழைத்து லாரியை நிறுத்தினார். ஊருக்கு விஷயம் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. நவம்பர் முதல் வாரம் பதினான்கு அங்குலம் பனி கொட்டியது. அது டெல்மரின் வேலிக்கம்பி வரை வந்து, கத்தியால் அறுத்த ரொட்டி போல நேராக நின்றது. உள்ளே காட்டன்வுட் மரங்கள் மஞ்சள் இலைகளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தன, ஈ பறந்துகொண்டிருந்தது. வண்டி உள்ளே போக ஒரே வழி, சாலையில் பள்ளம் வெட்டி அதன் மேல் இடைவெளி விட்டுப் பதித்த இரும்புக் கம்பிப் படல். வண்டி ஏறிப் போகும், மாடு கால் வைக்கப் பயப்படும், அந்த மாதிரிப் படல். அதன் இந்தப் பக்கம் நின்றால் காது உறையும், பதினான்கு கம்பிகளைத் தாண்டினால் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தோன்றும். குறி சோதிக்கும் அதிகாரி வந்து பார்த்து, கன்றுகளின் குறியில் குறையொன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். வரி அதிகாரி வந்து பார்த்து, நல்ல தட்பவெப்பத்துக்காக நிலத்தின் மதிப்பை உயர்த்திவிட்டுப் போனார். லூத்தரன் பாதிரியார், யோசுவா சூரியனை நிறுத்தியது யுத்தத்துக்காக, சந்தை விலைக்காக நிறுத்தலாமா என்பது பற்றி வேதத்தில் தெளிவில்லை என்று சொல்லி, இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

டெல்மரிடம் யாரும் வாதாடி ஜெயிக்க முடியவில்லை, காரணம் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கன்றுகள் தின்றன, புல்போர் குறையவில்லை. மறுநாள் காலையில் தின்ற கட்டு தின்னாத கட்டாக அங்கேயே இருந்தது. பனி இல்லை, இருமல் இல்லை, எடை கூடி விலை குறையும் பயம் இல்லை. “ஒரு காசு செலவில்லாம காத்திருக்கேன்யா. உலகத்துல எவனுக்குக் கெடைச்சுது இது?” என்று படலருகே வந்து நின்றவர்களிடம் கேட்டார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் காபிக் கடைக்குத் திரும்பி, கிறுக்கன் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தன் வேலிக்கு அந்த யோகம் அடிக்கவில்லையே என்று ஒவ்வொருவரும் தன் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார்கள்.

வேலிக்குள் நின்றுபோகாமல் ஏறியவை இரண்டே இரண்டு. ஒன்று, வானொலி சொன்ன விலை. ஒவ்வொரு விடியலிலும் இரண்டு டாலர், ஒருநாள் தவறாமல். மூன்றாம் வருடம் அந்த வானொலிப்படி ஒரு கன்றைக் கொடுத்தால் நல்ல நிலையில் இருக்கும் பழைய பிக்கப் கிடைக்கும். ஐந்தாம் வருடம் பட்டியில் கால்வாசியை ஓட்டிக்கொண்டு போனால் தேவாலயத்தை மணியோடு வாங்கலாம். ஏழாம் வருடம் மொத்தக் கன்றுகளுக்கும் ஓட்வே ஊரையே, காபிக் கடையும் கடைக்காரியும் உள்பட, விலை பேசலாம். ஓட்வேயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அமெரிக்காவிலேயே பெரிய பணக்கார மாட்டுக்காரர் டெல்மர்தான், சமையலறை மேஜையை விட்டு எழுந்திருக்காத வரை. வெளியேயோ, விலை கிறிஸ்துமஸ் வரை ஏறி, பிறகு சறுக்கி, மூன்றாம் வருடப் பஞ்சத்தில் பாதியாகி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கியது. இப்படி டெல்மர் தவறவிட்ட உச்சிகள் மட்டும் மூன்று. அந்த மூன்றிலும் காபிக் கடைக் கூட்டத்தார் அத்தனை பேரும் வழக்கம்போல ஏறி நின்றார்கள்.

இரண்டாவதாக ஏறியது ட்விலாவின் முழங்கால் வலி. உள்ளே யாருக்கும் ஒரு நாள்கூட வயது கூடவில்லை. வலி மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. நேற்றைய வியாழக்கிழமையைவிட இன்றைய வியாழக்கிழமை கொஞ்சம் அதிகமாக வலித்தது, அவ்வளவுதான். ஏன் ஏழு வருடம் பொறுத்தார் என்று ஊரில் பெண்கள் கேட்டார்கள். பொறுத்தது ஏழு வருடம் இல்லை, ஒரே ஒரு வியாழக்கிழமை. கணவன் இன்னும் ஒரு வாரம் கேட்கிறான், ஒரு வியாழக்கிழமைக்காக எந்தப் பெண் சண்டையைத் தொடங்குவாள்? வாரத்துக்கு ஒருமுறை, வெளியே புதன்கிழமையாக இருக்கும் நாளில், தேவாலயப் பாடற்குழுவுக்கு மட்டும் ஊருக்கு வருவார். கம்பிப் படலில் கால் வைக்க முடியாது என்பதால் படலை ஒட்டிய பக்கத்துக் கதவைத் திறந்து, இரண்டு ஊன்றுகோலோடு வெளியே வந்து, வேலிக் கம்பத்தில் மாட்டிவைத்திருக்கும் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, வெளியே நிறுத்தியிருக்கும் பழைய காரில் ஏறுவார். ஆஸ்பத்திரியில் நாள் குறித்த மருத்துவர் இதற்குள் ஓய்வுபெற்று மீன் பிடிக்கப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவரும் போய்விட்டார்.

கன்றுகளின் கதறலையும் சொல்ல வேண்டும். தாயைப் பிரிந்த கன்று மூன்று நாள் கதறும், நான்காம் நாள் மறந்துவிட்டுப் புல் தின்னும். டெல்மரின் கன்றுகளுக்கு நான்காம் நாள் வரவில்லை. ஏழு வருடம் ஒரே சுருதியில் கதறின, மூன்று மைல் தாண்டி ஓட்வேயின் படுக்கையறை வரை கேட்டது. முதல் வருடம் வழக்குப் போடுவோம் என்றார்கள். இரண்டாம் வருடம் பாடற்குழு தன் பியானோவை விற்றுவிட்டு அந்தக் கதறலையே சுருதியாக வைத்துக்கொண்டது. மாவட்டப் போட்டியில் முதல் பரிசும் வாங்கியது.

ஏழாம் வருட அக்டோபரில், ஒரு புதன்கிழமை, ட்விலாவால் பாடற்குழு மேடையின் மூன்று படிகளை ஏற முடியவில்லை. முதல் படியிலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். கேலனும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி மேலே வைத்தார்கள். கேலன் மூச்சு வாங்கிக்கொண்டே, “நல்ல எடை. இப்ப விக்கலாம், ட்விலா. இன்னும் வெச்சிருந்தா பவுண்டுக்குக் கொறஞ்சிடும்,” என்றார். குழு முழுக்கச் சிரித்தது. ட்விலாவும் சிரித்தார். பிறகு இரண்டு பாட்டும் முழுக்கப் பாடினார். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் வீட்டுக்குப் போகவில்லை, தன் தங்கை வீட்டில் தங்கினார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு வியாழக்கிழமை வெளியே விடிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

ஏல நாள் என்பதால் காபிக் கடை நிறைந்திருந்தது. எல்லோர் முன்னாலும் மிளகாய் போட்ட பீன்ஸ் கறிக் குழம்பு, அதில் தொட்டுக்கொள்ள பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டிச் சுருள். இரண்டு ஊன்றுகோலும் தட்டத் தட்ட ட்விலா உள்ளே வந்ததும் கேலன் நாற்காலியைத் திருப்பினார்.

“வா, ட்விலா. என்ன, உங்க வீட்டு வியாழக்கிழமை முடிஞ்சுதா?”

“இங்கயும் வியாழக்கிழமைதானே, கேலன்.”

“இங்க நாளைக்கு வெள்ளிக்கிழமை வரும். உங்களுக்கு அந்த வசதி கெடையாதே.” கடை சிரித்தது. கேலனுக்குக் கூட்டம் இருந்தால் நிறுத்தத் தெரியாது. “டெல்மர் ஊரையே வாங்கப் போறானாமே? என் வீட்ட மட்டும் விட்டுடச் சொல்லு. கூரை ஒழுகுது, அப்புறம் ஏமாத்திட்டேம்பான்.”

ட்விலா அவரைத் தாண்டி மூலை மேஜைக்குப் போய், குழம்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்த மார்லின் முன்னால் நின்றார்.

“மார்லின், எனக்கு லாரி வேணும். இன்னிக்கே.”

“எத்தன லாரி?” என்றார் மார்லின். எத்தனை கன்று என்று கேட்கக் கூடாது என்பதால் எத்தனை லாரி என்று கேட்பதுதான் முறை. ட்விலா ரெண்டு என்று சொல்லியிருந்தால் முறையாக முடிந்திருக்கும்.

“நூத்திப் பதினெட்டு கன்னு,” என்றார் ட்விலா, கடைசி மேஜை வரை கேட்கும்படி, பாடற்குழுக் குரலில்.

அப்படி ஒரு நிசப்தம் அந்தக் கடையில் அதற்கு முன் விழுந்ததில்லை. தேவாலயத்தில் ஒருவர் உடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்கமாட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார், ஒருவர் மனைவியின் காதைப் பொத்தினார், கடைக்காரி காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தாள். காதின் நுனி வரை சிவந்துபோன கேலன் தன் தட்டுக்குள் எதையோ தேடினார். அந்த நிசப்தத்துக்குள் இன்னொரு நிசப்தம் இருந்ததைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தார்கள். மூன்று மைலுக்கு அப்பால் கன்றுகள் கதறலை நிறுத்தியிருந்தன. ஊரில் அத்தனை நாய்களும் பயந்துபோய்க் குரைத்தன. எண்ணப்படாத வரைக்கும் அவை டெல்மரின் ஆசையாக இருந்தன, எண்ணிச் சொன்னதும் கன்றுகளாகிவிட்டன.

“குறி உன் பேர்லதானே இருக்கு?” என்றார் மார்லின். குறி யார் பெயரிலோ கன்றை விற்கும் உரிமையும் அவருக்கே, மார்லின் தொழில்காரர்.

“என் பேர்லதான். என் மாமனார் ஒரு வாரம் தள்ளிப்போட்டதுல கெடைச்சது.”

லாரிகள் இரண்டும் படலைத் தாண்டி உள்ளே போனபோது டெல்மர் ஒரு காலில் பூட்ஸோடு ஓடி வந்தார். மழையில் நனைந்த ட்விலா முதல் லாரியின் முன்னிருக்கையிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது.

“இன்னிக்குக் காலைலகூட ரெண்டு டாலர் ஏறியிருக்கு, ட்விலா!”

“எந்த இன்னிக்கு?”

டெல்மர் யோசித்தார். ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. “சரி, ஒரே ஒரு வாரம். அதோட விட்டுடறேன்.”

“கன்னுல இருக்கிறது என் குறி, டெல்மர். உன்னோடது வானொலி. அத நீ வெச்சுக்க.”

லாரியோடு வந்திருந்த குறி அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கன்றுகள் சத்தமில்லாமல் ஏறின, ஏழு வருடமாக லாரிக்குத்தான் காத்திருந்தவை போல. கதவு பூட்டியதும் ட்விலா ஜன்னலைக் கீழே இறக்கினார்.

“நீயும் ஏறு. எடம் இருக்கு. வெளிய மழை, ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

டெல்மர் படலைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார், தலைக்கு மேல் அக்டோபர் வெயிலைப் பார்த்தார். “நீ போ. நான் நாளைக்கு வெலையக் கேட்டுட்டு வரேன்,” என்றார். ட்விலா ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

அற்புதக் கன்றாக இருந்தாலும் லாரியில் ஏற்றினால் சாணி போடும். மூன்றே மைலில் ஒவ்வொன்றும் ஏழெட்டு பவுண்டு இளைத்து, மற்ற எந்தக் கன்றையும் போலக் கலங்கிய முகத்தோடு தராசில் வந்து நின்றது. மார்லின் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டினார். பால் மறந்து நாற்பத்தைந்து நாள் ஆன கன்றுக்கு நோய் வராது என்று சந்தையில் கூடுதல் விலை உண்டு. அதனால் அவர், “வாங்க பெரியோர்களே, வாவ்ரா கன்னுங்க, பால் மறந்து ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அம்பத்தாறு நாள்!” என்று முகம் மாறாமல் கூவினார். வாங்குபவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர் புருவத்தைத் தூக்கினார், ஒருவர் தொப்பி விளிம்பைத் தொட்டார், ஒருவர் மூக்கைச் சொறிவது போலச் சொறிந்து விலையை ஏற்றினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. அது சந்தையின் உச்சியா, சரிவா, நடுவா என்பது கொட்டகைக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும். என்ன விலை என்று இங்கே எழுதுவது முறையில்லை.

ட்விலாவுக்கு டிசம்பரில் ஒரு முழங்கால், பிப்ரவரியில் மறு முழங்கால் மாற்றினார்கள். தேவாலயத்துக்கு எதிரே ஒரு வீடு எடுத்துக்கொண்டார். தாய் மாடுகளைப் பேச்சுத்துணைக்கு டெல்மரிடமே விட்டுவிட்டார், அவை இன்னும் சினையாகவே இருக்கின்றன. சுருதியை இழந்த பாடற்குழு அன்றிலிருந்து பரிசு எதுவும் வாங்கவில்லை. வேலிக்குள் அக்டோபர் கலையவில்லை, அது கன்றுகளோடு வந்தது அல்ல, டெல்மரோடு வந்தது. ஜனவரியில் கல்யாணம் செய்பவர்கள் மஞ்சள் இலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள அங்கே போகிறார்கள், பனிக்காலத்தில் போர்வை துவைக்கும் பெண்கள் காய வைக்கப் போகிறார்கள். வேலிக் கம்பங்களில் வரிசையாகக் குளிர்கோட்டுகள் தொங்கும். காலை ஏழு மணிக்கு மார்லினின் தொலைபேசி ஒலிக்கும், அவர் எடுத்து, “சரி டெல்மர், லாரி வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போவார்.

கேலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த அக்டோபரில் விலை மறுபடி ஏறுமுகமானபோது, ஒரு காசு செலவில்லாமல் காத்திருக்கலாம் என்ற எண்ணம் அவரையும் தின்றுவிட்டது. தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொல்லாமல், தன் கன்றுகளைச் சிவப்பு பிக்கப்புக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போய் டெல்மரின் பட்டியில் விட்டார். ஒரே ஒரு வாரத்துக்கு. நான்கு வருடம் ஆகிறது. வண்டி களஞ்சியத்தின் அருகே நிற்கிறது, கூடுதலாக ஒரு கீறல் கிடையாது. இருவரும் தினமும் ஏழு மணிக்குச் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வானொலி கேட்கிறார்கள். கேலனின் கன்றுகள் வேறொரு சுருதியில் கதறுகின்றன. பாடற்குழு அதைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறது.

வெளியே வியாழக்கிழமையாக இருக்கும் நாட்களில் ட்விலா குழம்பும் ரொட்டிச் சுருளும் ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அங்கே போவார். காரை விற்றுவிட்டார். மூன்று மைலும் நடைதான், ஏற்றிக்கொள்கிறேன் என்று வண்டியை நிறுத்துபவர்களுக்குத் திட்டு விழும். சென்ற பிப்ரவரியில், முழங்கால் அளவு பனியில், அப்படித்தான் போனார். வேலிக் கம்பத்தில் கோட்டை மாட்டிவிட்டு, பக்கத்துக் கதவைத் தொடாமல், கம்பிப் படலில் ஒவ்வொரு கம்பியாகக் கால் வைத்துப் பதினான்கையும் கடந்தார். இரண்டு பேரும் வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

“எவ்வளவுக்குப் போச்சு, ட்விலா?”

“ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

“மொத்தம் வேணாம். நூறு பவுண்டுக்கு என்னன்னு மட்டும் சொல்லு.”

“அதெல்லாம் கேக்குற விஷயமா, டெல்மர்? பக்கத்துல ஆள் வேற இருக்கு.”

அன்று கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கேலனுக்கு விலை தெரியும். நான்கு வருடமாக அதே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்தும் அவர் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர், முகத்தைத் திருப்பி மணற்குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சாப்பிட்டு முடிக்கும் வரை ட்விலா நின்றார், உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்றார், நிற்பது இப்போதெல்லாம் அவருக்குப் பிடிக்கும். காலிப் பாத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பவும் பதினான்கு கம்பிகள். கம்பத்திலிருந்து தன் கோட்டை எடுத்து, அதன் மேல் விழுந்திருந்த பனியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து நடந்தார்.